ஏழாம் இடத்து நட்சத்திரம்

கீழ்க்கட்டளை சிக்னலில் ஏறி, கோவிலம்பாக்கம், பள்ளிக்கரணை வழியாகத் துரைப்பாக்கம். ரேடியல் சாலையில் பல ஆண்டுகள் போய்வந்தேன். வெளிநாட்டு வங்கியொன்றின் கோபோல் நிரல்களைப் பராமரிக்கும் வேலை. 'சப்போர்ட் ப்ராஜெக்ட்' என்றாலே இளைஞர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு நிரலை ரசித்து வாசிக்கக் கற்றுக்கொடுத்தது அதுதான்.

பழைய கோபோலில் ஒரு வரிக்கு 80 இடங்கள். ஏழாம் இடத்தில் நட்சத்திரக் குறி போட்டால் அந்த வரி மனிதருக்கு. கம்பைலர் தாண்டிப் போய்விடும். 73 முதல் 80 வரையும் அது கண்டுகொள்ளாது. திருத்தியவர்கள் தங்கள் அடையாளத்தை அந்த எட்டு இடங்களில்தான் விட்டுப் போவார்கள். 1998-இல் ஒருவர் இரண்டு இலக்க ஆண்டைச் சரிசெய்திருந்தார்: 50-க்குக் கீழே இருந்தால் 2000-ஐக் கூட்டு, இல்லாவிட்டால் 1900-ஐ. ஏன் 50 என்பதற்கு மேலே மூன்று நட்சத்திர வரிகள். அவரை நான் பார்த்ததே இல்லை. அந்த மூன்று வரிகளுக்காக மனசுக்குள் பலமுறை கும்பிட்டிருக்கிறேன்.

1959-இல் பிறந்த மொழி. வளவளவென்று பேசும் என்பார்கள். பேசட்டும். ஒரு தொகைக்கு எத்தனை இலக்கம், காசுக்கு எத்தனை இடம் என்பதை முதலிலேயே எழுதி வைக்கச் சொல்கிறது. கணக்கைத் தசமத்திலேயே போடுவதால் காசு பிசகாது. பல மொழிகளின் வழக்கமான புள்ளி எண்களில் 0.1-உம் 0.2-உம் சேர்ந்தால் துல்லியமாக 0.3 வராது. வங்கிக்கு அது ஆகுமா?

பைதான் மீதும் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் 2008-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் 5-ஐ 2-ஆல் வகுத்தால் வரும் விடையே மாறிப்போனது. முன்பு 2, பிறகு 2.5. பிழைச்செய்தி ஏதுமில்லாமல் விடை மாறுவதைப்போலப் பராமரிப்பவனைப் பயமுறுத்துவது வேறில்லை. (அதே பதிப்புதான் யூனிகோடை இயல்பாக்கியது. 'அம்மா'வின் நீளத்தை பைட்டுகளாக எண்ணி 15 என்று சொல்லிக்கொண்டிருந்த மொழி, குறியீடுகளாக எண்ணி 5 என்றது. தமிழ் எழுதுபவனாக அதற்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும்.)

கோ மொழிக்காரர்கள் 2012-இல் முதல் பதிப்பை வெளியிட்டபோதே, அதில் எழுதியது அந்த வரிசையின் அடுத்த பதிப்புகளிலும் ஓடும் என்று வாக்குக் கொடுத்தார்கள். எனக்குப் பிடித்த வாக்கு அது.

புதிதாக மொழி தேர்பவர்களே, அதில் பத்தாண்டுக்கு முன் யாரோ எழுதிய நிரல் ஒன்றைத் தேடியெடுத்து, இன்றைய பதிப்பில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.