தொட்டால் ஒட்டவில்லை, போதுமா?

சிவகாசியில் அச்சுத்தொழில் வேரூன்றியதற்கு அந்த ஊரின் வறண்ட காற்றையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் உதவிய வெயில், தாளில் விழுந்த மையையும் காயவைத்தது. இன்று டைரி அட்டைக்கும் காலண்டர் படத்துக்கும் பளபளப்பு ஏற்றும் யூ.வி. கூடங்களில் வெயிலுக்கு வேலை இல்லை. பூச்சு ஏறிய தாள் கன்வேயரில் நகர்ந்து விளக்கின் அடியைக் கடக்கிறது. மறுமுனையில் கைக்கு வரும்போது கெட்டியாகிவிட்டிருக்கிறது. விளக்கடியில் அது இருப்பது ஒரு நொடிகூட இல்லை. ஆடிப்பெருக்கன்று புதிய காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டு, அதற்குப் பிறகு ஆர்டர்களை அடித்துத் தள்ள வேண்டிய ஊருக்கு இந்த வேகம் பெரிய வரம்.

பழைய எனாமல் பெயிண்ட் இரண்டு கட்டமாகக் காய்வது. முதலில் தின்னர் ஆவியாகும். பிறகு அதிலுள்ள எண்ணெய்ப் பசை காற்றின் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லப் பிணையும். இரும்பு கேட்டுக்கு அடித்தால் மறுநாள்வரை யாரும் சாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பது அதனால்தான். பவுடர் கோட்டிங்குக்குப் பொதுவாக 180 முதல் 200 டிகிரி வரை சூடான அடுப்பு வேண்டும்; இரும்பு தாங்கும், தாளும் மரமும் தாங்காது. யூ.வி. பூச்சில் ஆவியாகிப் போக அநேகமாக எதுவுமே இல்லை. அக்ரிலேட் திரவமும், ஒளி பட்டால் உடையும் துவக்கிப் பொருளும் கலந்திருக்கும். புற ஊதாக் கதிர் பட்டதும் துவக்கி உடைகிறது; அதன் துண்டுகள் அக்ரிலேட் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோக்கின்றன. பூசியது ஏறக்குறைய முழுவதும் படலமாகவே நின்றுவிடும். பல் மருத்துவர் நீல விளக்கைக் காட்டிச் சொத்தைப் பல்லை அடைப்பதும் இந்த வேதியியல்தான்.

தின்னர் நெடி இல்லை, தீப்பிடிக்கும் ஆவி இல்லை, நீளமான அடுப்பு இல்லை, காயப்போட இடமும் வேண்டாம். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று விற்பனையாளர்கள் சொல்வது இந்த அளவில் பொய்யல்ல. என் தகராறு வேறு இடத்தில். தின்னர் தன் குறையை மூக்குக்குச் சொல்லிவிடும். அரைகுறையாக இறுகிய யூ.வி. பூச்சு பல சமயம் எதையும் சொல்லாது.

அரைகுறையாக இறுகக் காரணங்களோ தாராளம். பாதரச விளக்கு ஓட ஓட அதன் புற ஊதா வீச்சு குறைந்துகொண்டே போகும். கண்ணுக்கு மட்டும் அதே வெளிச்சம். தாள் ஒட்டாதிருக்கத் தூவும் பவுடர் பிரதிபலிப்பான் தகட்டில் படிந்து இன்னும் கொஞ்சம் தின்றுவிடும். வெள்ளை மையிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடும் கறுப்பு மையிலுள்ள கார்பனும் கதிரைத் தாங்களே விழுங்கிக்கொள்வதால், மேல்பரப்பு கல்லாக இருக்க, அடிப்பகுதி பச்சையாகக் கிடக்கும். கூடத்தில் நடக்கும் சோதனை என்னவென்றால், கட்டைவிரலை அழுத்தித் திருகுவது, நகத்தால் கீறுவது, மிஞ்சிப்போனால் செலோ டேப்பை ஒட்டிப் பிடுங்குவது. டேப்போடு படலம் வந்தால் சந்தேகப்படலாம். வராவிட்டால் சரி என்று அர்த்தமில்லை. கரைப்பானில் நனைத்த துணியால் எண்ணித் தேய்த்துப் பார்ப்பதும், கன்வேயரில் கதிர்மானியை அனுப்பிச் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிஜூல் விழுகிறது என்று அளப்பதும்தான் ஓரளவுக்காவது நம்பத்தக்கவை.

டைரி அட்டையில் இது பெரிய குற்றமல்ல. உணவுப் பொட்டலத்தில் கதை வேறு. 2005 நவம்பரில் இத்தாலியில் நெஸ்லேயின் குழந்தைப் பால் பெருமளவில் பறிமுதல் செய்யப்பட்டது. பாலில் ஐ.டி.எக்ஸ். என்ற துவக்கிப் பொருளின் தடயம் இருந்தது. அச்சு இருந்தது அட்டையின் வெளிப்புறத்தில். அட்டையைச் சுருளாகச் சுற்றி வைத்திருந்தபோது ஒரு சுற்றின் வெளிப்புறம் அடுத்த சுற்றின் உட்புறத்தைத் தொட்டுக்கொண்டிருந்ததால் மையின் மிச்சம் இடம்பெயர்ந்தது. அந்த அளவால் உடல்நலக் கேடு இருக்க வாய்ப்பில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பிறகு சொன்னது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பால் பெட்டியைக் கையில் எடுத்த எந்தத் தாய்க்கும் உள்ளே மையின் மிச்சம் இருப்பது தெரிந்திருக்க வழியே இல்லை.

துவக்கியே வேண்டாம் என்பவர்களுக்கு எலெக்ட்ரான் கற்றை உண்டு. சுமார் லட்சம் வோல்ட்டிலும் அதற்கு மேலும் முடுக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் நிறமியைப் பற்றிக் கவலைப்படாமல் உள்ளே புகுந்து பிணைப்பை நேரடியாகத் தொடங்கிவைக்கும். வேதியியல் ரீதியாக எனக்கு இதுதான் பிடித்த வழி. கூடவே எக்ஸ் கதிர் பிறப்பதால் கனமான கவசம் வேண்டும். ஆக்சிஜனை விரட்ட நைட்ரஜன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த முதலீடு ஜாப் வொர்க் செய்பவரின் கைக்கு எட்டாது.

எட்டுவது எல்.ஈ.டி. போட்டதும் எரியும், ஓசோன் இல்லை, சூடு குறைவு, பாதரசமும் கிடையாது. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்த பின் இதற்கு மவுசு கூடியது. ஆனால் இது தருவது பெரும்பாலும் 365 முதல் 405 நானோமீட்டர் வரையிலான கதிர்களில் ஏதாவது ஒன்று. குறுகிய அலைகள் இல்லாததால் மேல்பரப்பு பிசுபிசுக்கும் தொல்லை அதிகம். நீண்ட அலையிலும் உடையக்கூடிய துவக்கிகள் சிலவே. அவற்றில் அதிகம் புழங்கியது டி.பி.ஓ. அதையே 2023இல் இனப்பெருக்கத்துக்குக் கேடு விளைவிப்பது என்ற காரணத்தால் ஐரோப்பிய ஒன்றியம் மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. பாதரசத்திலிருந்து தப்பி ஓடியவர்கள் இப்போது மாற்றுத் துவக்கி தேடுகிறார்கள். இதற்கிடையே, யூ.வி. மை அடித்த தாளைக் கூழாக்கும்போது படலம் செதில் செதிலாக நின்று, மை நீக்குவதைக் கடினமாக்குகிறது என்ற பழைய குறை அப்படியே இருக்கிறது.

தட்டையான பரப்பு, நிறமில்லாத பூச்சு, கதிரை அளக்கும் கூடம் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் யூ.வி.யைக் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். பேக்டரியில் பூச்சு ஏறிவரும் மரப்பலகைகள் அப்படிப்பட்டவை. மூன்றில் ஒன்றுமே இல்லாத இடம் விரல் நகம். பரப்பு வளைந்தது, அதில் பூசும் யூ.வி. ஜெல் நிறம் கொண்டது, விளக்கு ஒரு கம்பெனியுடையது, ஜெல் இன்னொரு கம்பெனியுடையது, அளப்பவர் யாருமில்லை, சுற்றிலும் தோல். அங்கேதான் இது வீட்டுக்கு வீடு பரவியிருக்கிறது. இறுகாத அக்ரிலேட் தோலில் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அது பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும். பின்னாளில் அக்ரிலேட் சேர்ந்த பல் அடைப்புக்குக்கூட யோசிக்க வேண்டிவரலாம். 2025 செப்டம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நக ஜெல்லில் டி.பி.ஓ.வுக்குத் தடை. அக்ரிலேட்டை அந்தத் தடை தொடவில்லை.