புரட்சியின் ஓவியங்களில் சிலுவையின் சாயல்

புரட்சிகளை ஆராய்வோர் சட்டங்களையும் போர்களையும் கணக்கிடுவதோடு நின்றுவிடுதல் போதாது. அக்காலத்து ஓவியரும் எழுத்தாளரும் எவற்றைக் காட்டினர், எவற்றை மறைத்தனர் என்பதும் ஆராயத்தக்கதாகும். பிரெஞ்சுப் புரட்சியும் அதன் பின்விளைவும் ஈன்ற இரு ஓவியங்களை இங்கு ஒப்புநோக்குவோம். இரண்டும் நமக்கு மிகவும் பழக்கமான ஓர் உருவத்தைக் கடனாகப் பெற்றவை.

1793 ஜூலை 13 அன்று, 'மக்களின் நண்பன்' என்னும் ஏட்டை நடத்திய மாரா, தம் குளியல் தொட்டியில் ஷார்லோட் கோர்டே என்னும் பெண்ணால் குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய நண்பரும் தேசிய மாமன்ற உறுப்பினருமாகிய டாவிட் அதே ஆண்டில் அக்காட்சியை வரைந்தார். துவண்டு தொங்கும் வலக்கை, சாய்ந்த தலை, மார்பில் ஒரு சிறு காயம், வெண்துணி ஆகிய யாவும் சிலுவையினின்று இறக்கப்பட்ட ஆண்டவரின் திருவுடலை நினைவூட்டுகின்றன. மாராவை வாட்டிய தோல்நோய் படத்தில் இல்லை, கோர்டேயும் இல்லை. எதிரிகளின் தலைகள் உருளவேண்டுமென அவர் தம் ஏட்டில் மீண்டும் மீண்டும் எழுதியதற்கும் அடையாளமில்லை. இப்படத்தைத் தீட்டிய கை, அதே காலத்தில் பொதுப் பாதுகாப்புக் குழுவின் கைது ஆணைகளிலும் ஒப்பமிட்டது.

கோயா 1814ஆம் ஆண்டில் வரைந்த 'மே 3, 1808' என்னும் ஓவியம் மாட்ரிட் நகரின் பிராடோ காட்சியகத்தில் உள்ளது. நெப்போலியனின் படைவீரர் துப்பாக்கிகளை நீட்டி நிற்கின்றனர். விளக்கொளியில் வெண்சட்டை அணிந்த ஓர் எளியவன் இரு கைகளையும் விரித்து மண்டியிடுகிறான். அவனது வலது உள்ளங்கையில் தழும்பு போன்ற குறி ஒன்று தெரிகிறது. இங்கும் சிலுவையின் சாயலே. ஆயினும், இவன் பெயரற்றவன், எக்கட்சிக்கும் தலைவனல்லன்.

கோயாவும் படைவீரரின் முகங்களை மறைத்துத்தானே வரைந்தார் என்று ஒருவர் வினவலாம். வினா நேரியதே. அவரும் நெப்போலியனின் தமையனாருடைய அரசவையில் பணியாற்றியவர். ஆனால் இதற்கு இணையாக அவர் தீட்டிய 'மே 2' என்னும் ஓவியத்தில், மாட்ரிட் மக்களே வெறிகொண்டு கத்தியால் குத்துகின்றனர். தம் மக்களின் கைக்கறையை அவர் மறைக்கவில்லை.

அரசியல் எழுத்துகளுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். எட்மண்ட் பர்க் 1790இல் புரட்சியைக் கண்டித்து எழுதியபோது அரசிக்காக உருகினார். பஸ்தீல் சிறையில் வாடியோருக்காக அவர் இரங்கவில்லை என்பதை 1791இல் தாமஸ் பெயின் சுட்டிக்காட்டினார். அதே பெயின், பின்னர் தேசிய மாமன்றத்தில் அமர்ந்தபோது, அரசனைக் கொல்லலாகாதென வாதாடினார். 1793 டிசம்பரில் சிறையும் புகுந்தார். தம் அணியினரை நோக்கியும் பேசத் துணிந்ததே அவர் எழுத்துக்கு எடை தருகிறது.

மாணவப் பருவத்தில் டாவிட்டின் படத்தை ஒரு நூலில் கண்டு யான் உருகியதுண்டு. பல ஆண்டுகள் அருளுரை ஆற்றிய பின்னரே அப்படத்தில் இல்லாதவர்களைத் தேடத் தொடங்கினேன். நாமும் நம் சார்பினர் ஒருவர் மறைந்தால், அவருக்குச் சிலுவையின் சாயலைப் போர்த்திப் பேசிவிடுகிறோம். அவரால் துன்புற்றோர் அதே ஆலயத்தின் பின்வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும். அடுத்த அடக்க ஆராதனைக்குக் குறிப்பெழுதுமுன் அவர்களை எண்ணிப் பார்த்தல் நம் கடன்.