அசல் தோல் போதுமா?

கார் இருக்கைக்குப் புது உறை போடுவோரின் முதல் கேள்வி ‘அசல் தோலா?’ என்பதுதான். அளவுகோலாக இது போதாது. பொருளின் பிறப்பை விசாரிக்கும் இக்கேள்வி, அதன் உழைப்பை விசாரிப்பதில்லை.

தோல் உடலுக்கு இணங்கும். வயதாக ஆக அழகு கூடும். ஆனால் கார்களில் வருவது பெரும்பாலும் நிறமிப் பூச்சு ஏற்றிய தோல். கறையைத் தடுக்கும் அதே பூச்சு, தோலின் மூச்சையும் குறைக்கிறது. பராமரிப்பின்றி வெயிலில் நிற்கும் வண்டியில் அது வறண்டு வெடிக்கும்.

நாம் ரெக்சின் என்று அலட்சியமாகச் சொல்லும் பிவிசியின் தகுதியை அறிய, 1976-இல் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ123 கார்களைப் பார்க்க வேண்டும். அவற்றில் டாக்சியாக ஓடித் தேய்ந்தவற்றிலும் எம்பி-டெக்ஸ் என்ற பிவிசி உறை நீடித்து உழைத்துப் பெயர் வாங்கியது. உச்சிவெயிலில் அது தொடையைச் சுடும் என்பதும் உண்மை.

தொடுவதற்குத் தோலை மிக நெருங்குவது பாலியூரித்தேன். ‘நாப்பா’ என்று கடைகளில் விற்பவற்றில் பல இதுவே. மென்மையாகப் பதனிட்ட அசல் தோலின் பெயரை இதற்குச் சூட்டுவதை ஏற்க முடியாது. இதில் பாலியெஸ்டர் வகை, காற்றின் ஈரத்தால் நீராற்பகுப்புக்கு உள்ளாகிச் செதில் செதிலாக உரியும். சென்னை போன்ற கடலோர ஊருக்கு இது பெருங்குறை. பாலிகார்பனேட் வகை நன்றாகவே தாங்கும். எந்த வகை என்று கேட்டு வாங்குவோர் அரிது.

1970-இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ உருவாக்கிய அல்கன்டாரா என்ற மென்மயிர்ச் செயற்கைத் துணி வழுக்காது, அதிகம் சுடாது. கை எண்ணெய் படும் ஸ்டியரிங்கில் அது பளபளத்து அழுந்திவிடும். முதுகுச் சாய்விலும் கூரையிலும் சிறக்கும்.

பொருளைவிடத் தையலிலேயே வேலையின் தரம் தெரிகிறது. பருத்தி நூல் ஈரத்தில் இற்றுவிடும். நைலான் வெயிலில் வலுவிழக்கும். பாலியெஸ்டர் நூலே இரண்டையும் தாங்கும். இருக்கைக்குள் பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால் பொறுப்பு இன்னும் கூடுகிறது. விபத்தின் நொடியில் பை விரிய வழிவிட்டுப் பிரியும்படி தொழிற்சாலை அந்த ஓரத்தை வடிவமைத்திருக்கும். அதன்மேல் வலுவான நூலால் இறுக்கித் தைத்த உறை பையைத் தாமதப்படுத்தும், திசையும் மாற்றும். அழகுக்காக அந்த ஓரத்தை மூடும் தையல்காரரின் கைத்திறனை நான் மதிப்பதில்லை.

என் தீர்ப்பு: வெயிலில் நின்று தினமும் ஓடும் வண்டிக்கு, பாலியெஸ்டர் நூலில் அளவெடுத்துத் தைத்து, ஏர்பேக் ஓரத்தைத் திறந்துவிட்ட தரமான பிவிசி. நிழலில் நின்று, பராமரிக்கும் கையும் வாய்த்த வண்டிக்கு மட்டுமே தோல்.