பொழுதும் நிலமும்: இலங்கை வானொலி பற்றிய தமிழக நினைவெழுத்து – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை தென் தமிழகத்தில் பரவலாகக் கேட்கப்பட்ட இலங்கை வானொலி, இன்று தமிழக நினைவெழுத்தில் நிலைபெற்ற ஒரு பொருளாகியுள்ளது. இவ்வெழுத்து இரவுப் பொழுதை நுணுக்கமாகப் பேணுகிறது. ஒலி புறப்பட்ட நிலத்தையோ கைவிடுகிறது. தொல்காப்பியம் கூறும் முதற்பொருள் கருத்தாக்கத்தை அளவுகோலாகக் கொண்டு, மதுரைச் சமவெளியைக் களமாக வைத்து, இவ்விடுபாட்டின் இயல்பையும் காரணங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இலங்கை வானொலி, நினைவெழுத்து, நனவிடை தோய்தல், முதற்பொருள், திருநகர், புலம்பெயர்வு.

1. முன்னுரை

இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பைப் பற்றித் தமிழகத்தில் எழுதப்பட்டவை ஏராளம். வார இதழ்க் கட்டுரைகள், நாளிதழ் இணைப்புகளின் பத்திகள், தன்வரலாறுகளின் இளமைக்கால இயல்கள் எனப் பல வடிவங்களில் அவை அமைந்துள்ளன. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், இராஜேஸ்வரி சண்முகம் முதலிய அறிவிப்பாளர்களின் பெயர்கள் அவற்றில் தவறாது இடம்பெறுகின்றன. ஊடக வரலாற்றுக்கான தரவுகளாக மட்டுமே இவ்வெழுத்துகள் இதுவரை பெரிதும் நோக்கப்பட்டன. தமக்கென மரபுகளும் விலக்குகளும் கொண்ட ஓர் எழுத்துவகையாக அவற்றை வாசிக்கும்போது வேறொரு வினா எழுகிறது. ஒரு நாட்டின் குரலை இவ்வளவு நெருக்கமாக நினைவில் வைத்திருக்கும் எழுத்து, அந்நாட்டைப் பற்றி ஏன் ஏறத்தாழ எதுவும் சொல்வதில்லை?

2. ஒலி வந்த வழி

இவ்வினாவுக்கு விடை காண, அவ்வொலி மதுரைக்கு வந்த வழியை முதலில் தெளிவுபடுத்த வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத் தேவைக்கெனத் திட்டமிடப்பட்டு, கொழும்பை அடுத்த ஏக்கலையில் நிறுவப்பட்ட 100 கிலோவாட் சிற்றலைப் பரப்பி, போருக்குப் பின் இலங்கை அரசின் வானொலிக்கு உரியதாயிற்று. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களின் இடத்தை வெகுவாகச் சுருக்கினார். அதே ஆண்டில் அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா என்னும் இந்தி நிகழ்ச்சி கொழும்பிலிருந்து ஒலிக்கத் தொடங்கி வட இந்தியாவை ஈர்த்தது. 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித் பாரதி தொடங்கப்பட்டதற்கு இந்த ஈர்ப்பே முதன்மைக் காரணம். தமிழகத்திலும் நிலை அதுவே. சென்னையில் பதிவான திரைப்பாடலைக் கேட்கக் கொழும்பின் அலைவரிசையை நாட வேண்டியிருந்தது.

மதுரைக்கு மற்றொரு காரணமும் உண்டு. திருச்சி நிலையம் 1939இலும் திருநெல்வேலி நிலையம் 1963இலும் தொடங்கப்பட்டன. மதுரைக்கென நிலையம் அமைந்ததோ 1987இல்தான். நேர்கோட்டுத் தொலைவில் மதுரையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 380 கிலோமீட்டர். சென்னையோ 420 கிலோமீட்டர். எனவே 'கடல் கடந்து வந்த தொலைதூரக் குரல்' என நினைவெழுத்து வியக்கும் குரல், மாநிலத் தலைநகரின் குரலைவிட அண்மையிலிருந்தே வந்தது. தொலைவு பற்றிய அவ்வுணர்வு நிலப்படத்தைச் சார்ந்ததன்று, எல்லையைச் சார்ந்தது.

இரவு நேரக் கேட்புக்கு இயற்பியல் அடிப்படை உண்டு. பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு மத்திய அலைகளை உட்கவர்ந்துவிடும். கதிரவன் மறைந்தபின் அவ்வடுக்கு தளர, மேலடுக்கில் பட்ட அலைகள் எதிரொளித்து நெடுந்தொலைவில் தரையிறங்கும். பகலில் இரைச்சலாக இருந்த முள்ளிடத்தில் இரவில் தெளிந்த குரல் கிடைப்பதன் காரணம் இதுவே. எனினும், கொழும்பு ஒலிபரப்பு இரவுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தமிழக நேயர் பெரிதும் விரும்பிய 'பொங்கும் பூம்புனல்' ஒரு காலை நிகழ்ச்சி. ஆயினும் நினைவெழுத்தில் இலங்கை வானொலி பெரும்பாலும் இரவிலேயே ஒலிக்கிறது. இது நினைவு செய்த தெரிவு. ஆகவே திறனாய்வுக்கு உரியது.

3. நினைவெழுத்தின் இலக்கணம்

இவ்வெழுத்துகளின் அமைப்பு பெரும்பாலும் ஒரே வரிசையில் செல்கிறது. முதலில் கருவி வரும்: மர்பி அல்லது பிலிப்ஸ் பெட்டி, பின்னர் கைக்கடக்கமான டிரான்சிஸ்டர், ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் புதுப்பித்த உரிமம். அடுத்து இடம்: தேநீர்க்கடை, முடிதிருத்தகம், திண்ணை, மொட்டைமாடி. அதன்பின் குமிழைத் திருகும் விரலும் அலைகளுக்கு இடைப்பட்ட கரகரப்பும். பிறகு அறிவிப்பாளரின் குரல். அக்குரலின் திருத்தமான தமிழுக்கு ஒரு பாராட்டு. இறுதியில், அனைத்தும் போயிற்று என்னும் பெருமூச்சு.

தொல்காப்பியம் முதற்பொருளை நிலம், பொழுது என இரண்டாகக் கூறும். இவ்வளவுகோலால் நோக்கினால் மேற்கண்ட எழுத்து பொழுதில் மிகச் செறிவானது. மாலை கவிவது, விளக்கணைவது, யாமத்தில் ஒலியைத் தணித்துக் கேட்பது என ஒவ்வொரு சிறுபொழுதும் விரிகிறது. நிலம் என வருவது கேட்பவரின் நிலமே. பேசுபவரின் நிலமாகக் 'கொழும்பு' என்னும் ஒரு சொல்லே எஞ்சுகிறது. அதுவும் ஊராக அன்றி நிலையத்தின் பெயராகவே நிற்கிறது.

அகத்திணையியல் இங்குக் கூர்ந்து நோக்கத்தக்க ஒரு விதியையும் தருகிறது. திணைகள் தம்முள் மயங்கலாம். ஆனால் நிலம் இரண்டு ஒருங்கே மயங்குதல் இல்லை என்பது அது. ஒரு நிலத்துக்குரிய பொழுது பிறிதொரு நிலத்தில் வரலாம் என்பது இதன் பயன். வானொலிக் கேட்பு இத்தகைய பொழுதுமயக்கமே. அக்காலத்தில் இரு நாடுகளின் கடிகாரங்களும் ஒரே நேரத்தையே காட்டின. மதுரையின் பத்து மணியும் யாழ்ப்பாணத்தின் பத்து மணியும் ஒன்றே. ஒலித்த பாடலும் ஒன்றே. பொழுது ஒன்றானபோது நிலமும் ஒன்றாயிற்று என்று நினைவெழுத்து கொண்டுவிட்டது. அதன் அடிப்படைப் பிழை இதுவே.

4. விடுபட்டவை

இப்பிழைக்கு ஒலிபரப்பின் இயல்பும் ஓரளவு காரணம். வர்த்தக ஒலிபரப்பின் பெரும்பகுதி தமிழகத் திரைப்பாடல். பகலில் சென்னையில் பதிவானது இரவில் பாக் நீரிணையைக் கடந்து திரும்பி வந்தது. கேட்டவர் தம் ஒலியையே பிறர் வாயிலாகக் கேட்டார். 1970களின் முற்பகுதியில் இலங்கை அரசு தமிழக வணிக இதழ்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோதும் பாடல் தடையின்றி ஒலித்தது. மேலும், அறிவிப்பாளர் தமிழ் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் ஆகியவற்றுள் எதன் பேச்சுவழக்கும் அன்று. ஒலிபரப்புக்கெனச் செம்மையாக்கப்பட்ட பொதுத்தமிழ். 'நேயர்', 'கூட்டுத்தாபனம்', 'வர்த்தக சேவை' போன்ற சொற்கள் தமிழகச் செவிக்குப் புதுமையாகவும் இனிமையாகவும் இருந்தன. ஊரின் வாசனை அவற்றில் இல்லை. எனவே 'தூய தமிழ்' என்னும் பாராட்டு, நிலம் கழிந்த தமிழுக்குக் கிடைத்த பாராட்டாகவும் அமைகிறது.

ஆயினும், நிலம் அவ்வொலிபரப்பில் இல்லாமற் போய்விடவில்லை. நேயர் விருப்ப நிகழ்ச்சிகளிலும் பிறந்தநாள் வாழ்த்துகளிலும் பெயர்களோடு ஊர்களும் வாசிக்கப்பட்டன. யாழ்ப்பாணத்துச் சிற்றூர்களும் மலையகத் தோட்டங்களும் கிழக்குக் கரையின் ஊர்களும் தமிழக ஊர்களுடன் ஒரே மூச்சில் வந்தன. தன் ஊர்ப்பெயர் கொழும்பிலிருந்து ஒலித்ததைத் தமிழக நேயர் இன்றும் பெருமையுடன் எழுதுகிறார். அதற்கு முன்னும் பின்னும் ஒலித்த ஊர்களை அவர் எழுதுவதில்லை.

நாடகங்களின் நிலையும் இதுவே. 'இலங்கையர்கோன்' எழுதிய 'விதானையார் வீட்டில்', சானாவின் 'லண்டன் கந்தையா', சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' ஆகியவை ஈழத்துப் பேச்சுத்தமிழுக்கு ஒலிவடிவில் இலக்கியத் தகுதி தேடித்தந்தவை. 'கோமாளிகளின் கும்மாளம்' என்னும் வானொலித் தொடர், 'கோமாளிகள்' என்னும் பெயரில் 1976இல் திரைப்படமாகும் அளவுக்கு அங்கே செல்வாக்குப் பெற்றது. தமிழக நினைவெழுத்தில் இவற்றுக்கு இடம் அரிது. ஏ.இ. மனோகரனின் 'சுராங்கனி' மட்டும் கடல் கடந்து தங்கியது. அதுவும் ஒரு கேளிக்கைப் பாடலாகவே தங்கியது. ஒலிபரப்பை ஒரு துறையாகத் தமிழில் முதன்முதல் விளக்கிய நூல்களுள் ஒன்றான 'ஒலிபரப்புக் கலை'யை எழுதியவரும், பி.பி.சி. தமிழ் நிகழ்ச்சிக்குத் 'தமிழோசை' எனப் பெயரிட்டவராக அறியப்படுபவருமான சோ. சிவபாதசுந்தரம் இலங்கை வானொலியில் பணியாற்றியவர். சிட்டியுடன் இணைந்து அவர் எழுதிய தமிழ் நாவல், சிறுகதை வரலாறுகள் தமிழ்த்துறைகளில் இன்றும் பயிலப்படுகின்றன. அவ்வரலாற்றாசிரியரும் இவ்வானொலியாளரும் ஒருவரே என்பதைக் குறிப்பிடும் நினைவெழுத்து அரிதினும் அரிது.

5. ஒரே பெயரில் இரு இழப்புகள்

கடந்தகால ஏக்கத்தைக் குறிக்க இன்று தமிழில் வழங்கும் சொற்களுள் 'நனவிடை தோய்தல்' ஒன்று. அதை வழக்குக்குக் கொணர்ந்தவர் ஈழத்து எழுத்தாளர் எஸ். பொன்னுத்துரை. தம் யாழ்ப்பாண இளமைக்காலத்தை எழுதிய நூலுக்கு அப்பெயரை அவர் இட்டார். ஆஸ்திரேலியாவில் குடியேறி வாழ்ந்த ஒருவர், திரும்பிச் சென்றாலும் மீளாத ஊருக்காகக் கண்டடைந்த சொல் அது. அச்சொல்லில் பொழுதும் நிலமும் சேர்ந்தே இழக்கப்பட்டுள்ளன.

தமிழக வானொலி நினைவெழுத்து இதே சொல்லை எடுத்தாளும்போது இழப்பின் அளவு மாறுகிறது. இங்கு இழக்கப்பட்டது ஒரு பழக்கம், ஒரு கருவி, ஓர் இளமை. கேட்டவரின் ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இவ்வேறுபாட்டைச் சுட்டுவது தமிழக நேயரின் ஏக்கத்தைச் சிறுமைப்படுத்துவதாகாது. அச்சில் இடம்பெறாத தொழிலாளரும் பெண்களும் தம் விருப்பத்தைத் தெரிவித்து, தம் பெயரைப் பொதுவெளியில் கேட்ட அரிய வாய்ப்பு அது. அவ்வளவில் இந்நினைவுகள் சமூக வரலாற்றுக்கு இன்றியமையாதவை. இரு இழப்புகளையும் ஒரே சொல்லால் அழைத்து, ஒன்றின் நிழலில் மற்றொன்றை மறைப்பதே மறுக்கத்தக்கது.

மறைத்தல் காலக்கணக்கிலும் நிகழ்கிறது. நினைவெழுத்தின்படி இலங்கை வானொலியின் காலம் தொலைக்காட்சி வந்ததால் முடிந்தது. தொலைக்காட்சி ஒரு காரணமே. ஆனால் 1983 ஜூலை வன்முறைக்குப் பின் கொழும்பிலிருந்து ஒலித்த தமிழ்க்குரலின் பொருள் மாறியது. பேசியவர்களின் வாழ்வும் மாறியது. கே.எஸ். ராஜா கொல்லப்பட்ட செய்தி பெரும்பாலான கட்டுரைகளில் ஒரு வரியில் கடக்கப்படுகிறது. அவரது குரலின் வேகத்துக்கோ பல பத்திகள் கிடைக்கின்றன. அப்துல் ஹமீத் தம் நினைவுநூலுக்கு 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்' எனப் பெயரிட்டார். தமிழகத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உரியவராகக் கொண்டாடப்பட்ட ஒருவர் தம்மை வழிப்போக்கன் என அழைத்துக்கொள்வதில் உள்ள இடைவெளி எண்ணத்தக்கது.

இரவுக் கேட்பும் 1983உடன் முடிந்துவிடவில்லை. அதே பெட்டியில், அதே சிற்றலையில், இரவு 9.15 மணிக்குத் தமிழோசையின் செய்திக்காகக் குமிழ் திருகப்பட்டது. ஈழத்தில் மணிலாவின் வெரித்தாஸ் வானொலித் தமிழ்ப்பணிக்கும் அவ்வாறே செவிகள் காத்திருந்தன. பாடலுக்காகத் திருகிய இரவுகள் எழுதப்பட்டன; இறப்புச் செய்திக்காகத் திருகிய இரவுகள் அதே கட்டுரைகளில் இடம்பெறவில்லை.

6. மதுரைச் சமவெளியில் நிலம்

நிலம் விடுபட்டதன் விளைவை மதுரைச் சமவெளியில் தெளிவாகக் காணலாம். நகரின் தென்மேற்கில், திருப்பரங்குன்றத்தை அடுத்துத் திருமங்கலம் சாலையில் அமைந்த குடியிருப்பு திருநகர். அதனை ஒட்டி ஆலைத் தொழிலாளருக்கென உருவான ஹார்விபட்டி உள்ளது. மாதச் சம்பளமும் வேலைமுறை நேரமும் கொண்ட இத்தகைய குடியிருப்புகளே வானொலிப் பெட்டி எளிதில் நுழைந்த இடங்கள். நினைவெழுத்தின் திண்ணையும் மொட்டைமாடியும் இத்தகைய தெருக்களுக்கு உரியவை.

1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கையின்படி மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டுகளில் அவர்கள் தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம் வந்து, மண்டபம் வழியாகத் தமிழகமெங்கும் பரவினர். 1983க்குப் பின் ஏதிலியர் படகுகளில் வந்தனர். திருநகரிலிருந்து அதே திருமங்கலம் சாலையில் தெற்கே சில கிலோமீட்டர் சென்றால் உச்சப்பட்டி முகாம். 2021 முதல் இத்தகைய முகாம்கள் அரசு வழக்கில் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப்படுகின்றன. அங்கே பிறந்து வளர்ந்த தலைமுறை நடுவயதை எட்டிவருகிறது. குடியுரிமை வினா இன்னும் முழுமையாகத் தீர்ந்தபாடில்லை.

பிறந்தநாள் வாழ்த்தில் ஒலித்த ஊர்களின் மக்களே உடலோடு இச்சமவெளிக்கு வந்தனர். குரலை வரவேற்ற எழுத்து, குரலுக்குரியவர் வந்தபோது அவர்களைத் தன் பொருளாகக் கொள்ளவில்லை. குரலும் உடலும் ஒரே நிலத்திலிருந்து வந்தவை என்னும் தொடர்பு அவ்வெழுத்தில் அமையவே இல்லை.

7. முடிவுரை

இலங்கை வானொலி பற்றிய தமிழக நினைவெழுத்து பொழுதைப் பேணி நிலத்தைக் கைவிட்ட எழுத்து. ஒலிபரப்பின் பொதுத்தமிழ், திரைப்பாடலின் மிகுதி, ஒரே கடிகார நேரம் ஆகியன இதற்குத் துணைசெய்தன. எனினும் ஊர்ப்பெயர்களும் நாடகங்களும் ஒலிபரப்பில் இருந்தமையால், இவ்விடுபாடு ஒலியின் குறையன்று, நினைவின் தெரிவு. ஈழத்தவரின் நனவிடை தோய்தலோடு இதனை ஒன்றாக எண்ணுவது இரு வேறு இழப்புகளின் அளவைக் குழப்பும்.

இத்துறையில் இனி மேற்கொள்ளத்தக்க பணி ஒன்று உண்டு. தமிழக நேயர்களின் நினைவுகள் வாய்மொழி வரலாறாகத் திரட்டப்படும்போது, மதுரை மாவட்ட முகாம்களில் வாழும் முதியோரின் வானொலி நினைவுகளும் அவற்றுடன் சேர்த்துத் திரட்டப்பட வேண்டும். அவர்களுள் பலர் அதே நிகழ்ச்சிகளை, அதே இரவுகளில், நீரிணையின் அக்கரையிலிருந்து கேட்டவர்கள். அவர்களிடமிருந்து வரும் பட்டியலில் பாடல்களோடு ஊர்ப்பெயர்களும் இருக்கும். அவ்விரு தொகுதிகளையும் ஒப்பிடுவதற்கு எஞ்சியுள்ள காலமோ குறுகியது. இலங்கை வானொலியின் சிறந்த ஆண்டுகளைக் கேட்ட செவிகள் இருகரையிலும் இன்று எழுபதைக் கடந்துவிட்டன.