இல்லைன்னா ஃபைன்!

2023-ம் வருடம் செப்டம்பர் 15. அண்ணா பிறந்த காஞ்சிபுரத்தில், அண்ணாவின் பிறந்த நாளில், கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தை முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைத்தார். மாதம் ஆயிரம் ரூபாய். ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள். செல்போனில் 'டிங்' என்று ஒரு எஸ்.எம்.எஸ்., பணம் வந்துவிட்டது. சில பேருக்கு உடனே இன்னொரு 'டிங்', பணம் போய்விட்டது! மினிமம் பேலன்ஸ் வைக்காத பழைய பாக்கி, சேவைக் கட்டணம் என்று சொல்லி சில பாங்க்குகள் ஆயிரத்தில் கை வைத்துவிட்டன. இது தப்பு, இந்தப் பணத்தில் பிடித்தம் செய்யக்கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட வேண்டியதாயிற்று.

டி.வி.யில் இரண்டு நாள் ஓடியது. பிறகு நாம் வேறு செய்திக்குப் போய்விட்டோம்.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் போகவில்லை. அது அரசு கொடுத்த ஆயிரம், அதனால் அமைச்சர் குரல் கொடுத்தார். சரி. அதே ஊரில், அதே கணக்கில், பதினைந்து நாள் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்தவரின் கூலி வந்து விழுகிறது. அதிலிருந்தும் இப்படித்தான் எடுக்கிறார்கள். அதற்கு யார் அறிக்கை விடுவது?

உங்கள் பாஸ்புக்கை எடுத்து ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். எங்கேயாவது 295 என்று ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் நீங்களும் நம்ம ஆள்தான். 250 ரூபாய் கட்டணம், அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 45. மொத்தம் 295. சில தனியார் வங்கிகளில் 500 ப்ளஸ் வரி, அதாவது 590. டூவீலருக்கோ மிக்ஸிக்கோ செல்போனுக்கோ கடன் வாங்கும்போது, "மாசா மாசம் என் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம் இல்லையா? முன்பு இ.சி.எஸ். என்றார்கள், இப்போது என்.ஏ.சி.ஹெச். குறித்த தேதியில் கடன் கம்பெனியின் கம்ப்யூட்டர் உங்கள் பாங்க் கம்ப்யூட்டரிடம் கேட்கும். பணம் இருந்தால் கொடுக்கும். இல்லையென்றால் 'இல்லை' என்று சொல்லும். அந்த 'இல்லை'க்குத்தான் 295 ரூபாய்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு இது எப்போதாவது வருகிற தலைவலி. முப்பதாம் தேதி சம்பளம், ஐந்தாம் தேதி தவணை. இந்த ஏற்பாடே அவர்களை மனதில் வைத்துச் செய்ததுதான். பிள்ளையார்பாளையத்துத் தறிக்கு ஐந்தாம் தேதி தெரியுமா?

பட்டுப் புடவைக் கூலி மாதக் கணக்கில்லை, புடவைக் கணக்கு. நூலும் ஜரிகையும் சங்கம் கொடுக்கும், அல்லது முதலாளி கொடுப்பார். பாவு வரவேண்டும். பாவைத் தறியில் பிணைக்க வேண்டும். கோர்வைப் புடவை என்றால் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பெண்தான், அவருக்குத் தனியாகக் கூலி என்று ஒன்றும் கிடையாது. வேலைப்பாட்டைப் பொறுத்துப் பத்து நாள், பதினைந்து நாள், அதற்கு மேலும் ஆகும். நெய்து முடித்து, அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்து, குறை ஒன்றும் இல்லை என்று அவர்கள் எடுத்துக்கொண்ட பிறகுதான் கூலி. அடுத்த பாவு உடனே கிடைக்காவிட்டால் தறி சும்மா நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட முடியாது. குழித்தறியில் ஈரம் ஏறிவிடும். ஆடி மாதத்தில் கல்யாணம் இல்லை, கடையில் சரக்கு தேங்கும், கூலியும் தேங்கும். இது இன்று நேற்று வந்த ஏற்பாடில்லை. ஊருக்கே தெரியும். மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும், "புடவை அறுத்ததும் குடுங்க" என்று நோட்டில் எழுதிக்கொள்வார். பால்காரருக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத்தான் தெரியாது.

(அத்தி வரதர் நாற்பது வருடத்துக்கு ஒருமுறை வருகிறார். 1979-ல் வந்தார், அப்புறம் 2019-ல். இ.எம்.ஐ. அப்படியில்லை!)

ஒரு கணக்குப் போடுவோம். தவணை 2,100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் தேதி கணக்கில் இருப்பது 1,900. இருநூறு ரூபாய்தான் குறைவு. திரும்பிவிட்டது, பாங்க்குக்கு 295. தவணை வரவில்லை என்று கடன் கம்பெனி தன் பங்குக்கு ஒரு 500 போடுகிறது என்று கொள்வோம். மூன்று நாள் கழித்து கம்பெனி மறுபடி கேட்கிறது. இப்போது கணக்கில் முன்பைவிடக் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் முதல் 295 அதிலிருந்து போய்விட்டது. மறுபடி 'இல்லை', மறுபடி 295. பத்தாம் தேதி புடவை அறுத்துக் கூலி வருகிறது. ஐந்து நாள் தாமதம். செலவு 1,090 ரூபாய். தவணையில் பாதிக்கு மேல்!

இதையே தெருக்கோடியில் ஒருவர் செய்தால் அதற்குப் பெயர் உண்டு. மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று வகை வகையாகப் பெயர் வைத்திருக்கிறோம். 2003-ல் கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் சட்டமே போட்டோம். ஏ.சி. ரூமில் கம்ப்யூட்டர் செய்தால் அதற்குப் பெயர் 'சர்வீஸ் சார்ஜ்'.

அந்தப் பெயரில்தான் எனக்குத் தகராறு. இது சேவைக்கான கூலியா, தண்டனையா? இரண்டில் ஒன்றைச் சொல்லட்டும்.

சேவை என்றால், என்ன சேவை? பணம் கொடுத்திருந்தால் சேவை. கொடுக்கவில்லை. 'இல்லை' என்று ஒரு பதில் அனுப்பியதற்கு என்ன செலவாகும்? பழைய செக் என்றால் குமாஸ்தா எடுத்துப் பார்க்க வேண்டும், சீட்டு எழுத வேண்டும், தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். இங்கே மனிதக் கை படவே இல்லை. நூறு ரூபாய்க்குத் திரும்பினாலும் லட்ச ரூபாய்க்குத் திரும்பினாலும் கம்ப்யூட்டருக்கு ஒரே வேலைதான்.

தண்டனை என்றால், உங்கள் பாங்க்குக்கு நீங்கள் என்ன துரோகம் செய்தீர்கள்? தவணை கட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தது கடன் கம்பெனிக்கு. தவறினால் அவர்கள் ஏதாவது வசூலித்தால் நியாயம் இருக்கிறது, அவர்கள் பணம் நிற்கிறது. உங்கள் பாங்க் இதில் தபால்காரர் மாதிரி. கதவைத் தட்டினார், வீட்டில் ஆள் இல்லை, கடிதத்தைத் திருப்பி எடுத்துப் போகிறார். சரி. போகிறபோது, வீட்டில் இல்லாததற்கு 295 ரூபாய் ஃபைன் எழுதி வாசலில் ஒட்டிவிட்டுப் போனால்?

வேடிக்கை என்னவென்றால், மத்திய அரசே இதற்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறது. 2022 ஆகஸ்ட் 3-ம் தேதி மத்திய மறைமுக வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டது. செக் திரும்பினால் பாங்க் போடுவது அபராதம், அது எந்தச் சேவைக்கும் விலை அல்ல, எனவே அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்கிறது அது. காகிதச் செக்குக்குச் சொன்ன இந்த நியாயம் கம்ப்யூட்டர் செக்குக்கு ஏன் பொருந்தாது? பாங்க்குகளின் கட்டணப் பட்டியலைப் பாருங்கள், 'ப்ளஸ் ஜி.எஸ்.டி.' என்று போட்டிருக்கும். வரி வாங்கும்போது சேவை, வாடிக்கையாளர் கேள்வி கேட்டால் "நீங்க பேலன்ஸ் வைக்கலையே" என்று தண்டனை.

ரிசர்வ் வங்கி என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். 1999 செப்டம்பரிலிருந்து, எவ்வளவு கட்டணம் என்பதை அந்தந்த பாங்க்கின் போர்டே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். புகார்கள் குவிந்ததும் 2006-ல் என்.சதாசிவன் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும், அதற்குக் காரணம் சொல்ல முடிய வேண்டும் என்பது அந்தக் குழு சொன்னதில் முக்கியமானது. 2014 நவம்பரில் மினிமம் பேலன்ஸ் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எவ்வளவு குறைகிறதோ அதற்குத் தக்கபடிதான் அபராதம், முதலில் தகவல் சொல்ல வேண்டும், சரி செய்ய அவகாசம் தர வேண்டும், அபராதத்தினாலேயே கணக்கு மைனஸில் போகக்கூடாது. 2015 ஏப்ரல் முதல் அமல். நல்ல விதிகள். இதே விதிகளைத் தவணை திரும்பும் கட்டணத்துக்கும் சொல்லியிருந்தால் நான் இதை எழுத வேண்டிய வேலையே இல்லை. இருநூறு ரூபாய் குறைந்தவருக்கும் இருபதாயிரம் குறைந்தவருக்கும் அதே 295 என்பது எந்த ஊர் தராசு?

2021 ஆகஸ்ட் முதல் இந்தத் தானியங்கி வசூல் ஞாயிறு, பண்டிகை நாட்களிலும் உண்டு என்றானது. வசதிதான். யாருக்கு வசதி? ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் பணம் கேட்கும். ஆனால் கையில் ரொக்கக் கூலி வைத்திருப்பவர் கட்டலாம் என்று போனால் கிளை பூட்டியிருக்கும்.

"கட்டணம் இல்லாவிட்டால் ஒருத்தரும் ஒழுங்காகக் கட்ட மாட்டார்கள் சார்" என்பார் மேனேஜர். அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பணத்தை வேண்டுமென்றே வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு டிமிக்கி கொடுப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்களைப் பிடிக்கச் சட்டம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2007-ம் வருட பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 25-வது பிரிவு. பணமில்லாமல் மின்னணுப் பட்டுவாடா திரும்பினால் இரண்டு வருடம் வரை ஜெயில், தொகையின் இரு மடங்கு வரை அபராதம். போதாதா? ஏமாற்றுகிறவன் 295 ரூபாய்க்குப் பயப்படப் போவதில்லை. பயப்படுகிறவர் ஏமாற்றப் போவதில்லை. 2020 ஜூனில், கொரோனா ஊரடங்குக் காலத்தில், நாடு முழுக்க இப்படி அனுப்பிய கோரிக்கைகளில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் திரும்பின. தேசமே திடீரென்று நாணயம் இழந்துவிட்டதா என்ன? வேலை இல்லை, கூலி இல்லை, அவ்வளவுதான்.

மினிமம் பேலன்ஸ் கதையிலும் இதே வசனம்தான் பேசினார்கள். ஸ்டேட் பாங்க் 2017 ஏப்ரலில் அந்த அபராதத்தை மறுபடி கொண்டுவந்தது. நவம்பருக்குள் வசூல் 1,771 கோடி ரூபாய். அந்த வருடம் ஜூலை முதல் செப்டம்பர் வரை அதன் நிகர லாபமே 1,582 கோடிதான்! ஊரெல்லாம் திட்டிய பிறகு குறைத்தார்கள், 2020 மார்ச்சில் சேமிப்புக் கணக்குகளுக்கு அந்த நிபந்தனையையே எடுத்தார்கள். பாங்க் மூழ்கிவிடவில்லை. 2025-ல் கனரா, பஞ்சாப் நேஷனல், பாங்க் ஆஃப் பரோடா, நம்ம இந்தியன் பாங்க் எல்லாம் பின்தொடர்ந்தன. அதற்குள் போனது போனதுதான். 2018-லிருந்து அரசு வங்கிகளும் ஐந்து பெரிய தனியார் வங்கிகளும் இந்த ஒரு வகையில் மட்டும் 21,044 கோடி வசூலித்ததாக 2023 ஆகஸ்டில் ராஜ்யசபாவில் அரசே சொன்னது. வங்கியில் பணம் போட முடியாதவர்களிடமிருந்து வங்கிக்கு வந்த பணம் இது.

வெளிநாட்டிலும் இந்தப் பஞ்சாயத்து நடந்தது. பிரிட்டனில் பாங்க்குகள் இத்தகைய கட்டணங்களுக்காகக் கோர்ட்டுக்குப் போய் 2009-ல் ஜெயித்தே விட்டன. ஆனாலும் கட்டுப்பாட்டு அமைப்பு விடவில்லை. 2020 ஏப்ரலில் கொண்டுவந்த மாற்றங்களில், பணம் தர மறுத்ததற்கான கட்டணம் அப்படி மறுக்க ஆகும் செலவை ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். அமெரிக்காவில் பாங்க் ஆஃப் அமெரிக்கா 2022-ல் பணமில்லாமல் திரும்பும் கட்டணத்தையே எடுத்துவிட்டது. அங்கே கூலிக்காரர்கள் மேல் திடீர்ப் பாசம் என்று நினைக்க வேண்டாம், எதிர்ப்பும் போட்டியும் செய்த வேலை.

இங்கே என்ன கேட்கலாம்? பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு தவணைக்கு ஒரு முறைதான் கட்டணம், இரண்டாம் முறை கேட்டுத் திரும்பினால் இல்லை. குறைகிற தொகைக்குத் தக்கபடி வசூல், அதற்கும் ஓர் உச்சவரம்பு. இரண்டு நாள் முன்னதாகத் தமிழில் ஒரு எஸ்.எம்.எஸ். முக்கியமாகத் தேதி. கூலிக்காரருக்குக் கடன் கொடுக்கும்போதே "உங்களுக்கு எப்போ காசு வரும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுத் தேதி குறிப்பது. நெசவாளர்களுக்கு ஆறு சதவீத வட்டியில் முத்ரா கடன் என்று திட்டம் போடத் தெரிந்த அரசுக்கு, நெசவாளியின் காலண்டர் தெரியாமலா போகும்?

அதுவரை நீங்கள் ஒன்று செய்யலாம். தவணைத் தேதியை மாற்றித் தரும்படி கடன் கம்பெனிக்கு எழுதிக் கொடுங்கள், கேட்டால் மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். மினிமம் பேலன்ஸ் கட்டுப்படி ஆகாவிட்டால் கணக்கை 'பேசிக் சேவிங்ஸ்' கணக்காக மாற்றச் சொல்லலாம், அதற்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது. ஒரே தவணைக்கு இரண்டு, மூன்று முறை பிடித்திருந்தால் கிளையில் எழுத்தில் புகார் கொடுத்து, கையெழுத்தோடு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் மழுப்பலாக இருந்தால், ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனுக்கு எழுதலாம். காசு கிடையாது. போகும்போது பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக்கொண்டு, 295 வருகிற வரிகளையெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு எடுத்துப் போங்கள்.