யோவான் சுவிசேஷத்துக்குச் சைவர் ஒருவர் கண்ட உரை

பிறசமயத்தார் நூலுக்கு மறுப்பெழுதுதல் நம்மவர்க்குப் பழைய வழக்கு. அதற்கு உரையெழுதுதல் அருகியே நிகழ்வது. அங்ஙனம் நிகழ்ந்தவற்றுள் தலைமை வாய்ந்தது, இலங்கைப் பெருமகனார் சேர் பொன்னம்பலம் இராமநாதர் (1851–1930) சுவிசேஷங்களுக்கு ஆங்கிலத்திற் செய்த உரையாகும். மத்தேயுவின் உரை 1898-லும் யோவானின் உரை 1902-லும் இலண்டன் மாநகரில் அச்சாயின. உரையாசிரியர் பெயர் ஸ்ரீ பரானந்தர் என்றே அவற்றிற் காணப்படும். பதிப்பித்தவர் ஆரிசன் என்னும் ஆஸ்திரேலிய அம்மையார். பின்னாளில் இராமநாதரை மணந்து லீலாவதி அம்மையார் எனப் பெயர் பெற்றவர். யோவான் உரை ஞானயோகத்தின் ஒளிகொண்டு செய்யப்பட்டதென்பதை நூற்பெயரே கூறும்.

காவிரி நாட்டார்க்கு இவ்வுரை முற்றும் அயலதன்று. இராமநாதர்க்கு ஞானாசிரியராய் வாய்த்த அருட்பரானந்த சுவாமிகள் தஞ்சையைச் சார்ந்தவர். சுவிசேஷங்கள் தமிழில் முதன்முதல் அச்சேறியதும் நம் கடற்கரைத் தரங்கம்பாடியிலேயே. சீகன்பால்கு ஐயர் 1714-ல் நான்கு சுவிசேஷங்களையும், 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதையும் ஆங்கு அச்சிட்டனர்.

யான் இவ்வுரையைப் படிக்க நேர்ந்தது என்னோடு தஞ்சையில் தமிழாசிரியராயிருந்த கிறிஸ்தவ நண்பர் ஒருவராலாம். அவர் இளமையிற் கிரேக்கம் பயின்றவர். உரையை யான் படிக்க, மூலத்தை அவர் சொல்சொல்லாகப் பிரித்துரைக்க, ஓராண்டு மாலைப்பொழுதுகள் கழிந்தன. ஈண்டு எழுதுவன அப்பயிற்சியில் தோன்றியன.

முதற்கண் உரைநெறி. அருணந்தி சிவாசாரியர் பரபக்கத்திற் பிறர் கொள்கையை அவரே கூறுவார்போல நிறுவிப் பின்னரே மறுப்பர். நாவலர் பெருமானும் அந்நெறியினரே. பெர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலிய மொழிபெயர்ப்பிற் பணிசெய்த பயிற்சியே, 1854-ல் அவர் சைவதூஷணபரிகாரம் வெளியிட்டபொழுது கருவியாய் நின்றது. இராமநாதரோ பரபக்கமாக வைத்தற்குரிய நூலைச் சுபக்கமாகவே வைத்து உரை கண்டார். கிறிஸ்து என்னுஞ் சொல்லை ஒருவர்க்கே உரிய பெயரெனக் கொள்ளாது, அருளால் தூய்மையெய்திய நிலையைக் குறிப்பதென அவர் கொள்வர். இறந்தார் என்பதற்கு இறைவனை உணராது கிடப்பார் எனப் பொருளுரைப்பர். அனுபவமுடையாரே அனுபவ நூலுக்கு உரைகாண உரியர் என்பது அவர் துணிபு. மடத்திற் பாடங்கேட்டு வளர்ந்த எம்மனோர்க்கு இத்துணிபு புதியதன்று. திருவருட்பயனை ஆசிரியரின்றிப் படித்தான் ஒருவன் என்ன பெறுவான்? ஆயினும் அனுபவம் சொல்லைக் கடந்து செல்லுமிடத்து, சொல் மீண்டும் வந்து வழக்காடும். அவ்வழக்குகளுள் ஒன்றை இனி விரித்துக் காண்பாம்.

யோவான் பத்தாம் அதிகாரம் முப்பதாம் வசனத்தில் இயேசு தமக்கும் தந்தைக்கும் உள்ள ஒருமையைக் கூறுகின்றார். இஃது ஆன்மாவும் பரமும் ஒருபொருளே என்னும் ஏகான்மவாதத்துக்குச் சான்றென நம் நாட்டார் பலர் எடுத்தாள்வர். இராமநாதர் உரையின் போக்கும் படிப்பாரை அப்பக்கமே ஈர்ப்பது. யானும் முதலில் அவ்வாறே எண்ணினேன்.

மூலத்தைக் கண்டபொழுது அவ்வெண்ணம் நில்லாதாயிற்று. கிரேக்கத்தில் ஒன்று என்பதற்கு ஆண்பாற்சொல் ஹெய்ஸ் என்றும், ஆண் பெண் இரண்டுமல்லாத பாற்சொல் ஹென் என்றும் வேறுவேறாக உள. இவ்வசனத்தில் நிற்பது ஹென். எனவே நம் இலக்கணப்படி அது ஒருவன் எனப் பொருள்படாது, ஒன்று எனப் பொருள்படும். அதனோடு இயைந்த வினையோ எஸ்மென் என்னும் தன்மைப்பன்மை. இருக்கிறேன் என்பதன்று, இருக்கிறோம் என்பதே. பயனிலைப் பெயர் ஒருமை; வினை பன்மை. இருவரும் ஒருவரேயாயின் பன்மைவினை வழுவாம். இருவரும் பிரிந்து நிற்பாராயின் ஒன்று என்றல் வழுவாம். இந்நுட்பத்தைத் திருச்சபையினரே பண்டு கண்டனர். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திருந்த தெர்த்துல்லியன் என்பார், தந்தையும் மகனும் ஒருவரே எனச் சாதித்த பிரக்சேயா என்பானை மறுக்குங்கால் இவ்விரண்டு இலக்கணங்களையுமே ஆயுதமாகக் கொண்டனர்.

அற்றேல், இஃது எவ்வகை ஒருமை? மெய்கண்டதேவர் இரண்டாஞ் சூத்திரத்து அத்துவிதம் என்னுஞ் சொல்லை ஆராய்ந்தவாற்றை ஈண்டு நினைக. அச்சொல் ஏகம் எனப் பொருள்படின், ஏகம் என்று சுட்டி நிற்பது ஒன்று வேறாக உண்டாதல் வேண்டும். ஆகலின் அது பிறிதாய் நிற்றலை மறுக்குமேயன்றிப் பொருளிரண்டு என்பதை அழியாது என்பது அவர் முடிபு. மாபாடியமுடையார் நஞ்ஞின் பொருளை இன்மை, மறுதலை, அன்மை என மூன்றாகப் பகுத்து அன்மையே ஈண்டைக்குரியதென நிறுவியதும் இதுபற்றியே. ஒன்றாய், வேறாய், உடனாய் என்னும் மூன்றும் ஒருங்கே நிற்றற்கு இடந்தருவது அவ்வன்மைப் பொருள். கலிலேயக் கடற்கரையார் நஞ்ஞின் பொருளாராய்ச்சி அறியார் என்பது வெளிப்படை. ஆயினும் பன்மைவினையும் ஒருமைப்பெயரும் ஒருவாக்கியத்துட் கூடி நிற்கும் அவ்வமைதி, ஏகான்மவாதியின் கைக்கு எட்டாது நழுவி நம் அத்துவிதத்துக்கே அணித்தாய் நிற்கின்றது.

இஃது என் வலிந்துகோடல் அன்றோ எனின், அன்று. பதினேழாம் அதிகாரத்தில் இயேசு தம் சீடர்கள் தம்முள் ஒன்றாதல் வேண்டுமெனத் தந்தையை வேண்டுமிடத்தும் அதே ஹென் வருகின்றது. தாமும் தந்தையும் ஒன்றாயிருத்தல்போல என்று உவமையும் கூட்டப்படுகின்றது. சீடர் பலரும் ஒருவராய்விடுவர் என எவரும் பொருள்கொள்ளார். பதினான்காம் அதிகாரத்தில் தந்தை தம்மினும் பெரியர் என அவரே கூறுவர். இவ்விடங்களை ஒருங்குவைத்து நோக்கின் ஏகம் என்னும் உரை நிலைபெறாது. இராமநாதர் சித்தாந்த நூல்களில் வல்லவர். இச்சொற்களை அளவுகோலாகக் கொண்டிருப்பாராயின் அவருரை நமக்கு இன்னும் பெரிதும் பயன்பட்டிருக்கும்.

இனி, நம்மவர் மகிழ்ந்து விரைதற்கு இடமில்லாத இடமும் உண்டு. முதலதிகாரம் பதினான்காம் வசனத்தில் லோகோஸ் என்னும் வாக்கு மாமிசமாயிற்று என்பது கூறப்படும். அவ்வாக்கியத்தில் வினை இரண்டு. ஆயிற்று என்பது ஒன்று. நம்மிடையே கூடாரமிட்டுத் தங்கிற்று என்பது மற்றொன்று. பின்னதைச் சைவர் எளிதிற் பின்பற்றலாம். எட்டாஞ் சூத்திரத்திற் கூறுமாறு, ஐம்புல வேடரின் அயர்ந்து வளர்ந்த உயிர்க்கு முதல்வன் குருவடிவில் வந்துணர்த்துவன்; அவ்வடிவு அவன் இடங்கொண்டதேயன்றி அவன் ஆயதன்று. முன்னதாகிய ஆயிற்று என்பதை யாம் ஒப்பமாட்டோம். கருவயப்பட்டுப் பிறத்தல் பதியிலக்கணத்துக்கு இயையாது. இயேசுவை ஞானியென்று கொள்ளும் உரை, தங்கிற்று என்பதை ஏந்தி ஆயிற்று என்பதை மெல்லென விட்டுச் செல்லும். அஃது அன்பினாற் செய்வதே எனினும், மூலத்தை உடையார்க்கு அது நேர்மையாகத் தோன்றாது. இவ்விடத்தில் என் நண்பர் முகம் வாடியதைக் கண்டேன். எம் தொடர்ச்சியை அந்நூலாசிரியர் கூறாத பொருளால் நிறுவற்க என்று மட்டும் கூறினர். வாக்கு என்றவுடன் அதனை நாதத்தோடு ஒப்பிடுவாரும் உளர். சூக்குமை முதலிய நால்வகை வாக்கும் சுத்தமாயையின் காரியமாகிய சடம் என்பதை மறந்தவர் அவர். அவரோடு நீள வழக்கிடல் வேண்டா.

உவமையும் ஒன்று காண்க. பன்னிரண்டாம் அதிகாரத்திற் கோதுமைமணி நிலத்தில் வீழ்ந்து சாவாதாயின் தனித்திருக்கும், சாமாயின் மிக்க பலன்தரும் என்னும் கருத்து வருகின்றது. கோதுமை நம் நாட்டுப் பயிரன்று. நம்மவர் நெல் என்றே கொள்வர். விதைநெல்லை ஊறவைத்து முளைகட்டி நாற்றங்காலிற் தெளித்த கையுடையார்க்கு இது நெஞ்சில் நேரே இறங்கும். ஆனால் சித்தாந்த நூலில் நெல்லுவமை எதிர்முகமாகச் செல்லும். நெல்லின்கண் உமியும் தவிடும் முளையும் அநாதியே உடனிருத்தல்போல மலங்கள் உயிரிடத்து இருக்கும். உமி நீங்கிய அரிசி முளையாது; மலம் நீங்கிய உயிரும் மீளப் பிறவாது. அங்கே முளைத்தல் வாழ்வு. இங்கே முளையாமையே வீடு. ஒரே வயல், ஒரே மணி; கருத்து வேறு. உவமை ஒத்தமையின் பொருளும் ஒத்ததென முடிப்பார் இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவாராக.

இதனை நண்பரிடம் கூறியபொழுது அவர் சிறிதுநேரம் வாளாவிருந்தனர். பின்னர், அங்குச் சாவது மணியோ உமியோ என வினவினர். மூலத்தில் உமிக்குச் சொல்லில்லை. அன்றுதொட்டு இவ்வினாவை யாம் இருவரும் விடாது ஆராய்ந்து வருகின்றோம். இராமநாதர் உரையை மீண்டும் அவரிடம் வாங்கி வைத்துள்ளேன்.