பூச்சாடியும் பாத்தியும்

ஆல்மா தாமஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள்: பள்ளி வேலையிலிருந்து ஓய்வுபெற்று, எழுபது வயதை ஒட்டித் தூரிகை எடுத்த கறுப்பினப் பாட்டி. கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹோவர்ட் பல்கலைக்கழக நுண்கலைத் துறையின் முதல் பட்டதாரி அவர், ஆண்டு 1924. அதே ஆண்டு வாஷிங்டனின் ஷா ஜூனியர் உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்து 1960 வரை அங்கேயே இருந்தார். நடுவில் கொலம்பியாவில் முதுகலை, அதற்காக நூல்பாவைகளைப் பற்றி ஓர் ஆய்வு. பிறகு அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் மறுபடி மாணவி. இவரா ஓய்வுக்குப் பிறகு தொடங்கியவர்?

இந்தப் பாட்டிக் கதை செல்லுபடியாவதற்கு, அவர் வரைந்த பூ ஓவியத்தின் மீதுள்ள பழைய இளக்காரமும் ஒரு காரணம். 1667இல் பிரெஞ்சுக் கலைக் கோட்பாட்டாளர் ஃபெலிபியன் ஓவிய வகைகளுக்குப் படிவரிசை போட்டபோது பூவும் பழமும் கடைசிப் படிக்குப் போயின. நிர்வாண உடலைப் பார்த்து வரையும் வகுப்பில் பெண்களுக்கு இடமில்லை. பூ வரைந்துகொள்ளட்டும் என்று விட்டார்கள். டச்சு ஓவியர் ராஹெல் ருய்ஷ் வெவ்வேறு பருவத்துப் பூக்களை ஒரே சாடியில் பூக்கவைத்தார். அசாத்தியக் கைத்திறன், ஆனால் எல்லாம் கொய்த பூ. அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் ஒற்றைப் பூவைத் திரை முழுக்க விரித்தார். அவருடைய ஊமத்தம்பூ 2014இல் 4.44 கோடி டாலருக்கு ஏலம் போனது. அங்கும் மண் இல்லை.

எனக்குப் பிடித்த வரிசை வேறு. அதன் தலைமகள் மரியா சிபில்லா மெரியன். நியூரம்பர்க் பெண்பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். செடியை வரைந்தால் அதைத் தின்னும் புழுவையும் விடாமல் வரைந்தவர். தோட்டத்தில் குனிந்து நின்றவர்களுக்குத்தான் அந்தப் புழு கண்ணில் படும்.

தாமஸ் இந்த வரிசையில் வருகிறவர். வாஷிங்டனின் 15ஆம் தெருவில் இருந்த வீட்டுக்கு அவர் குடும்பம் குடிவந்தது 1907இல். கடைசிவரை அதுதான் அவர் வீடு. 1966இல் ஹோவர்டில் தன் கண்காட்சிக்கு ஆயத்தமானபோது, சன்னலுக்கு வெளியே ஹாலி மர இலைகளினூடே விழுந்த வெளிச்சம் புதிய பாணிக்கு வழிகாட்டியது. அந்த ஆண்டு வரைந்த ஒன்றின் தலைப்பே வசந்தகால நாற்றங்காலை ஆகாயத்திலிருந்து பார்க்கிறது. 1969இல் வந்த 'ஐரிஸ், துலிப், ஜான்குவில், குரோக்கஸ்' ஓவியத்தில் இதழும் இல்லை, காம்பும் இல்லை. விரல் அகலத் தீற்றல்கள் நெடுக்காக வரிசை பிடித்து நிற்கின்றன, இடைவெளிகளில் வெள்ளை. நாற்று நட்ட பாத்தியேதான்.

அதே வாஷிங்டனில் ஓவியர்கள் மோரிஸ் லூயிஸும் கென்னத் நோலண்டும் நீர்த்த வண்ணத்தைத் துணியில் ஊறவிட்டார்கள். கைபட்ட தடம் தெரியாததே அங்கே பெருமை. தாமஸின் சில திரைகளிலோ பென்சில் கோடுகூட அழியாமல் தெரிகிறது, ஆசிரியை கரும்பலகையில் முதலில் கோடிட்டுக்கொள்வதுபோல. அவரை அவர்களுடைய ஓவியக் குழுவின் கடைக்குட்டியாகச் சேர்ப்பது எனக்கு ஒப்பவில்லை.

1972இல் விட்னி அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் ஒருவருக்கு அங்கே அதுதான் முதல் முறை. விமர்சகர்கள் வயதை எண்ணினார்கள். 1976இல், மூட்டுவாதம் முடக்கிய கையோடு, மூன்று திரைகளைச் சேர்த்துப் பதின்மூன்று அடி அகலத்துக்குச் சிவப்பு அசேலியாக்களை ராக் அண்ட் ரோலுக்கு ஆடவிட்டார். சிவப்புத் துண்டுகள் ஓரிடத்தில் நெருக்கியடித்து, இன்னோரிடத்தில் விலகி, நடுவே வெளிச்சத்துக்கு இடம்விட்டு நிற்கின்றன.